ஓரிடத்தில் முகம், வேறோரிடத்தில் பெயர்: மலாயாத் தமிழ்ப் பெண்களின் ஆவணங்கள்

சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரான ஷா ஆலம், சுங்கை ரெங்கம் என்று முன்னர் அழைக்கப்பட்ட ரப்பர், செம்பனைத் தோட்ட நிலத்தின் மீது எழுந்த நகரமாகும். 1974ஆம் ஆண்டு கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்து சென்றபின் மாநிலத்துக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. 1978இல் அந்தத் தகுதியைப் பெற்ற ஷா ஆலம், 2000ஆம் ஆண்டில் மாநகரமாக அறிவிக்கப்பட்டது. மிட்லண்ட்ஸ், கிளன்மேரி போன்ற பழைய தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலும் குடியிருப்புகளின் பெயர்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. இத்தோட்டங்களிலும், கிள்ளான் ஆற்றுப் படுகையில் இவற்றையொத்த பிற தோட்டங்களிலும், விடியுமுன் பிரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதியும் முற்றத்தில், கைக்குழந்தையுடன் வந்து நின்று, குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நிரை பிடித்துப் பால்மரம் வெட்டி, மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்களில் கணிசமானோர் தமிழ்ப் பெண்கள்.

இப்பெண்களைப் பற்றிய பதிவுகளே இல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது சரியான கூற்று அன்று. லண்டன், லைடன், சிங்கப்பூர், கோலாலம்பூர், புதுடெல்லி ஆகிய நகரங்களின் காப்பகங்களில் மலாயாத் தமிழர் பற்றிய படங்களும் கோப்புகளும் உள்ளன. பெண்களும் அவற்றுள் இருக்கிறார்கள். ஆனால் முகம் பதிவான இடத்தில் பெயர் பதிவாகவில்லை. பெயர் பதிவான இடத்தில் முகம் இல்லை. முகத்தையும் பெயரையும் ஒருசேர அறிந்தவர்கள் எந்தக் காப்பகத்துக்கும் அழைக்கப்படவில்லை. சிதறிக் கிடக்கும் இம்மூன்றையும் இணைக்கும் வேலையே இன்று செய்யப்பட வேண்டிய வேலை. அதைச் செய்வதற்கான காலமும் குறுகிக்கொண்டே வருகிறது.

காலனியக் கேமராவின் முன்

மலாயாவில் ஒளிப்படத் தொழிலை நிலைநிறுத்திய நிறுவனங்களுள் முதன்மையானது ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த லாம்பர்ட் 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய இந்த ஸ்டூடியோ, அரை நூற்றாண்டுக் காலம் நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் மனிதர்களையும் படமெடுத்து, ஐரோப்பியப் பயணிகளுக்கும் குடியேறியவர்களுக்கும் ஆல்பங்களாக விற்றது. மனிதர்களைக் காட்டும் படங்களில் ஒரு பிரிவு ‘இன வகை’ப் படங்கள் எனப்பட்டது. ஓர் இனத்துக்கோ தொழிலுக்கோ மாதிரியாக ஒருவரை நிறுத்தி எடுக்கும் படம் என்பது அதன் பொருள். மலாய்ப் பெண், சீன வணிகர், தமிழ்ப் பெண் என்று தலைப்பிட்டு விற்கப்பட்ட இப்படங்களில், நிற்பவர் யார் என்ற கேள்விக்கு இடமே இல்லை. எத்தகையவர் என்ற கேள்விக்கு மட்டுமே விடை உண்டு.

1908ஆம் ஆண்டு ஆர்னல்டு ரைட் பதிப்பித்து லண்டனில் வெளிவந்த, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய பெருந்தொகுப்பு நூலிலும் இதே ஒழுங்கு காணப்படுகிறது. கிள்ளான் வட்டாரம் உள்ளிட்ட பல பகுதிகளின் தோட்டங்கள் அதில் ஏக்கர்க் கணக்கோடும் மரங்களின் வயதோடும் விவரிக்கப்படுகின்றன. துரையின் பெயர் அச்சிடப்படுகிறது. அவருடைய பங்களாவும் படமாகிறது. தொழிலாளர்கள் மரங்களின் அளவைக் காட்டும் அடையாளங்களைப் போல மரங்களின் அருகே நிற்கிறார்கள். அவர்கள் ‘தமிழ்க் கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

எனினும் இப்படங்களை ஒதுக்கிவிடுவது பெரும் இழப்பாகும். தலைப்பு எதைச் சொல்ல மறுத்ததோ அதைக் கேமரா தன்னையறியாமல் பதிவுசெய்துள்ளது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு இழுத்துச் செருகப்பட்ட சேலை, முடியை முழுவதும் மறைத்துப் பின்புறம் முடிச்சிட்ட தலைத்துணி, மூக்குத்தி, காது வளர்த்து அணிந்த தண்டட்டி, வெறுங்கால், இடுப்பிலிருக்கும் குழந்தையின் கையிலுள்ள காப்பு ஆகியவை, எந்தச் சீமையிலிருந்து எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள், நகையை அவர்கள் விற்றுவிட்டார்களா காப்பாற்றிவைத்திருந்தார்களா என்பவற்றை நுணுகிப் பார்ப்பவருக்குச் சொல்லக்கூடியவை. அக்காலக் கேமராவுக்கு அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால் பலருடைய முகம் இறுகியிருக்கிறது. அந்த இறுக்கத்தைச் சோகம் என்றோ அச்சம் என்றோ உடனே படித்துவிடுவது, ‘வகை’ என்று படித்த பழைய தலைப்பின் தவற்றையே வேறு வழியில் செய்வதாகும்.

எண்ணாகவும் வழக்காகவும்

பெயர்களைத் தேடுபவர் படத்தொகுப்புகளை விட்டு அரசுக் கோப்புகளுக்குச் செல்ல வேண்டும். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாரா, 1957ஆம் ஆண்டு டிசம்பரில் பொதுப் பதிவேட்டு அலுவலகமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் சேகரங்களுள் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் இன்றியமையாதவை. மாநிலத்தின் பிரிட்டிஷ் நிருவாகம் தன் அன்றாட வேலையின் போக்கில் எழுதிச் சேர்த்த கடிதங்களும் குறிப்புகளும் அறிக்கைகளும் அடங்கிய தொகுதி அது.

இத்தகைய நிருவாகப் பதிவுகளில் பெண்கள் முதலில் எண்ணாகவே தோன்றுகிறார்கள். 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயாவில் இருந்த இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 308 பெண்களே இருந்தனர். 1931இல் அது 482 ஆகவும், 1947இல் 637 ஆகவும் உயர்ந்தது. கங்காணிகள், அதாவது தம் சொந்த ஊருக்குச் சென்று ஆள்சேர்த்து வந்த மேற்பார்வையாளர்கள், முதலில் ஆண்களையே பெரிதும் கொண்டுவந்தனர். தொழிலாளர் ஊர் திரும்பாமல் தோட்டத்திலேயே நிலைத்து வாழவேண்டும் என்ற கணக்கு வலுத்தபோதுதான் பெண்களைச் சேர்ப்பதில் அக்கறை பிறந்தது. கூலியிலும் அந்தக் கணக்கு தெரிகிறது. 1920களின் இறுதியில் சிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரத்தில் அதே உளியால் வெட்டிய பாலுக்கு இந்த வேறுபாடு.

எண்ணைத் தாண்டிப் பெண்கள் ஆளாகத் தோன்றும் இடம் நீதிமன்றப் பதிவுகள். அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட, பிரிட்டிஷ் மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றிய சமூக வரலாற்று நூல் இவற்றை விரிவாகப் பயன்படுத்தியிருக்கிறது. கணவனை விட்டு விலகிச் சென்றவர்கள், அடித்தவன்மீது முறையிட்டவர்கள், கூலியைக் கேட்டவர்கள், வன்முறைக்கு இரையானவர்கள் எனப் பலரும் வழக்குகளின் வழியே அந்நூலில் வெளிப்படுகிறார்கள். ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட அபலை என்ற ஒரே வார்ப்பில் தோட்டப் பெண்ணை அடைத்துவைத்த பழைய எழுத்துக்கு அந்நூல் தகுந்த மறுமொழி. வழக்குப் பதிவுகளில் பெண்ணின் பெயர் உண்டு, வாக்குமூலம் உண்டு. ஆனால் அவர் தமிழில் சொன்னது மொழிபெயர்ப்பாளரின் வாய்வழி ஆங்கிலமாகி, எழுத்தரின் கையெழுத்தாகிச் சுருங்கிய பின்பே கோப்பில் ஏறியிருக்கிறது. அங்கே படம் இல்லை.

பெண்களின் துன்பம் கூட்டுக் கோரிக்கையாகப் பதிவான ஓர் ஆவணத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் கோரிக்கைப் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, துரையின் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, தோட்டத்துப் பெண்களிடம் ஐரோப்பியரும் அவர்களைப் போல நடந்துகொண்ட மேல்நிலை இந்திய ஊழியரும் செய்யும் பாலியல் அத்துமீறல் நிறுத்தப்பட வேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்தைப் பற்றிய கடிதப் போக்குவரத்து லண்டன் புறநகரான கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் காலனி அலுவலகக் கோப்புகளில் உள்ளது. அக்கோரிக்கைக்குக் காரணமான பெண்கள் யார் என்பதை அறியும் வழி அந்தப் பட்டியலில் இல்லை.

முகமும் பெயரும் சேர்ந்தபோது

மலாயாத் தமிழ்ப் பெண்கள் தம் பெயரோடு கேமராவின் முன் நின்ற முதல் பெரிய பொதுநிகழ்வு எனத்தக்கது ஜான்சி ராணிப் படை. 1943ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப் படைப்பிரிவு அமைக்கப்போவதாக அறிவித்தார்; ஜூலை 12 அன்று பெண்கள் அவருக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தனர்; அக்டோபர் 22 அன்று டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. காக்கிச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து துப்பாக்கி ஏந்தி நிற்கும் அப்பெண்களின் படங்கள், கொல்கத்தாவில் 1957இல் நிறுவப்பட்ட நேதாஜி ஆய்வு மையம் போன்ற இடங்களில் காக்கப்படுகின்றன. அவை இன்றளவும் பாடநூல்களிலும் இதழ்களிலும் மறுபதிப்பாகி வருகின்றன.

கோலாலம்பூரில் 1925இல் பிறந்த ஜானகி தேவர், போஸின் உரையைக் கேட்ட கூட்டத்திலேயே தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்து, வீட்டாரின் எதிர்ப்பைத் தாண்டி இப்படையில் சேர்ந்து, பர்மாவில் பிரிவுத் தலைமை ஏற்றார். போருக்குப் பின் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கத்தில் பங்குகொண்டார். பின்னர் மேலவை உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்று, 2014இல் மறைந்தார். ஈப்போவில் 1927இல் பிறந்து பதினாறு வயதில் அதே படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பிற்காலத்தில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும், 1960இல் உருவான பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவராகவும் விளங்கி, சம வேலைக்குச் சம ஊதியம் என்ற போராட்டத்தை நடத்தினார். அருணா கோபிநாத் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆர்க்கிப் நெகாராவே 2007இல் வெளியிட்டது. ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்வுக்கு நாட்டின் ஆவணக் காப்பகம் தன் முத்திரையைக் கொடுத்தது சிறிய செய்தி அன்று.

ஆயினும் இங்கும் ஓர் இடைவெளி உண்டு. படித்த நகரக் குடும்பங்களிலிருந்து வந்து அதிகாரிகளானவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து படையின் பெரும்பகுதியாக இருந்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. படையின் மொத்த எண்ணிக்கையே இன்றும் வாதத்துக்குரியது. ஆயிரத்துக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2016இல் வெளிவந்த வீரா ஹில்டபிராண்டின் ஆய்வு நூல் அதை ஐந்நூறுக்கும் கீழே கொண்டுவருகிறது. ஓர் அணிவகுப்புப் படத்தில் முன்வரிசையில் நிற்பவரின் பெயர் எழுதப்பட்டு, மூன்றாவது வரிசைப் பெண் ‘வீராங்கனைகள்’ என்ற பன்மைக்குள் கரைந்துபோவது, ‘தமிழ்க் கூலிகள்’ என்ற பழைய தலைப்பிலிருந்து மரியாதையில் வேறுபட்டாலும், ஆவண முறையில் பெரிதும் வேறுபட்டதன்று.

அடுத்த கட்டம் அடையாள அட்டை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பன்னிரண்டு வயதைக் கடந்த அனைவரும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டையைப் பெறவேண்டும் என அரசு ஆணையிட்டது. தோட்டப்புறத்துப் பெண்கள் பலருக்கு வாழ்வில் எடுத்த முதல் படம் அதுவாகவே இருந்திருக்கும். கம்யூனிஸ்டுகளை அடையாளம் கண்டு பிரிப்பதற்காகப் பாதுகாப்புத் துறை வகுத்த ஏற்பாடு, முகம், பெயர், ரேகை மூன்றையும் ஒரே தாளில் முதன்முறையாகச் சேர்த்தது. அந்தத் தாள் ஒழுங்காக இல்லாதவரின் கதியும் தெரிந்ததே. பிறப்புப் பதிவு இல்லாததால் குடிமக்களுக்குரிய நீல அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அட்டையோடு முதுமையடைந்த தமிழ்த் தாய்மார்களுக்கு, ஒரு பழைய படமும் அதன் பின்புறத்தில் எழுதிய தேதியும் வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல.

கேமராவைத் தன் கையில் எடுத்தவர்

பெண் படமெடுக்கப்படும் பொருளாக இருந்த நிலையிலிருந்து, படத்தைச் சான்றாக முன்வைக்கும் கலைஞராக மாறியதற்கு மலேசியக் கலை வரலாற்றில் தலைசிறந்த எடுத்துக்காட்டு நிர்மலா தத் சண்முகலிங்கம். பினாங்கில் 1941இல் பிறந்து 2016இல் மறைந்த அவர், 1973ஆம் ஆண்டு, ‘மனிதனும் அவன் உலகமும்’ என்ற தலைப்பில் தேசியக் கலைக்கூடம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றார். பரிசு பெற்ற ‘கூற்று 1’ என்னும் படைப்பு, சுற்றுச்சூழல் சீரழிவின் ஒளிப்படங்களையும் எறியப்பட்ட குப்பைப் பொருள்களையும் ஒன்றுசேர்த்து, பார்வையாளர் விலகிச் செல்ல முடியாதபடி நேரே நிறுத்தியது. டாமன்சாரா ஆற்றோரம் போன்ற, நகரம் தன் கழிவைத் தள்ளிய இடங்கள் அவருடைய கேமராவுக்குப் பொருளாயின. பின்னாளில் வியட்நாம், ஆப்பிரிக்கா, பெய்ரூட் ஆகியவற்றின் துயரங்களைப் பற்றிய ஓவியங்களில், செய்திப் படங்களிலிருந்த பெண்களையும் குழந்தைகளையும் திரையச்சு முறையில், அதாவது துணித்திரையின் வழியே மையைத் தள்ளிப் படம் பதிக்கும் முறையில், துணிமீது கொண்டுவந்தார். 1986ஆம் ஆண்டுப் படைப்பொன்றில் ரீகனையும் தாட்சரையும் வாயாங் கூலிட் எனப்படும் தோற்பாவைக் கூத்தின் பாத்திரங்களாக்கினார். லாம்பர்ட்டின் படங்களை விற்பனைக்கான காட்சி எனலாம். நிர்மலாவின் படங்களைச் சாட்சியம் என்றே சொல்ல வேண்டும்.

தமிழர் உலகின் முன்மாதிரிகள்

பெண்களுக்கென்றே ஆவணக் காப்பகம் அமைப்பதில் தமிழ் எழுத்தாளர் ஒருவரே வழிகாட்டியாக இருக்கிறார். அம்பை என்ற பெயரில் எழுதும் சி. எஸ். லட்சுமி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1988இல் மும்பையில் நிறுவிய ‘ஸ்பாரோ’, பெண்களின் குரல்களையும் படங்களையும் ஆய்வுக்காகத் திரட்டும் காப்பகமாகும். பெண்ணின் வாழ்வை அவரையே சொல்லவைத்து ஒலிப்பதிவு செய்வது, கடிதமும் படமும் சுவரொட்டியும் அவற்றோடு சேர்த்துக் காப்பது என்பதே அதன் நெறி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில், ஸோயே ஹெட்லியின் முயற்சியாலும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியாலும், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்கள் எண்மமாக்கப்பட்டன. இலங்கைத் தமிழருக்கு 2005 முதல் நூலக நிறுவனம் உள்ளது. கோலாலம்பூரில், எஸ்ரினா மர்வான் 2008இல் தொடங்கிய மலேசிய வடிவமைப்பு ஆவணக் காப்பகம், விளம்பரம், நூலட்டை, சுவரொட்டி போன்ற அன்றாடக் காட்சிப் பொருள்களுக்கும் ஆவணத் தகுதி உண்டு என்று காட்டியிருக்கிறது. மலேசியத் தமிழ்ப் பெண்களுக்கு இவற்றையொத்த தனித் தொகுப்பு ஒன்று வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நடன, இசைப் பள்ளிகளும், கிள்ளானில் தலைமுறை தலைமுறையாக நிலைத்த குடும்பங்களும் இருக்க, மூலப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை.

அந்த மூலப்பொருள் இன்று வீடுகளில் இருக்கிறது. தீட்டிய திரைச்சீலையின் முன், முக்காலியில் வைத்த பூச்சாடிமீது ஒரு கை படிய, மற்றொரு கையால் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நிற்கும் பாட்டியின் ஸ்டூடியோப் படம் பூசையறைக்கு வெளியே மாலையோடு தொங்குகிறது. சட்டத்தைக் கழற்றினால் படத்தின் பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை, மங்கிய ஊர்ப்பெயர், சிலசமயம் ஒரு தேதி தென்படும். ஈரப்பதம் மிகுந்த இந்நாட்டில் படத்தாளின் மேலுள்ள ஜெலட்டின் படலத்தில் பூஞ்சை விரைவாகப் பிடிக்கிறது. 1970களிலும் 80களிலும் பரவிய, ஒட்டும் பக்கமும் மேலுறையும் கொண்ட ஆல்பங்களின் பசை படத்தை மஞ்சளாக்கிப் பக்கத்தோடு இறுக்கிவிடுகிறது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளம், ஒரே இரவில் தரைத்தள வீடுகளின் அலமாரிகள் வரை புகுந்தது. நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க இயலாது. காயுமுன் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி தனித்தனியே பரப்ப வேண்டும். உடனே முடியாவிட்டால் இடையே மெழுகுத்தாள் வைத்துக் குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைப்பது அவற்றைக் காப்பாற்றும்.

படத்தாளைக் காப்பது பாதி வேலையே. பால்மரக் காலத்தில் இளம்பெண்களாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்; படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்க அவர்களால் மட்டுமே இயலும். ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் வீட்டின் மூத்த பெண்மணியின் அருகே அமர்ந்து, அவர் சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டே, படத்தில் இருப்பவரின் பெயர், தோட்டம் அல்லது தெருவின் பெயர், தோராயமான ஆண்டு, தகவலைச் சொன்னவர் யார் என்ற நான்கையும் படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே வருடிப் படியெடுக்கலாம். தனியார் சேகரங்களையும் ஏற்கும் ஆர்க்கிப் நெகாராவுக்கோ, பல்கலைக்கழக நூலகத்துக்கோ, வட்டாரத் தமிழ்ப்பள்ளிக்கோ படியொன்றைக் கொடுக்க விரும்புவோர், படத்தில் இருப்பவரின் சம்மதத்தையோ அவருடைய குடும்பத்தாரின் சம்மதத்தையோ பெற்று, அந்த நான்கு விவரங்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.